ஈ9 சுருதியில் பெடல் ஸ்டீல் கிட்டார்: முட்டியால் தள்ளும் ஐந்து லீவரில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்வதானால் எவை?

பத்துக்கம்பி:
பத்து கம்பி, ஒற்றை நெக், எம்மன்ஸ் அமைப்பு (பெடல்கள் இடமிருந்து ஏ, பி, சி). பெடல் மூன்று, முட்டி லீவர் ஐந்து. முட்டியால் மேலே தூக்கும் லீவர் (5ஆம் கம்பியில் பி-யை பி ஃப்ளாட்டாக இறக்குவது) பெடல் மிதிக்கும்போதெல்லாம் தொடையில் இடிக்கிறது. வலது முட்டியை அசைத்தால் வால்யூம் பெடலில் இருக்கும் பாதமும் சேர்ந்து ஆடுகிறது. மூன்று லீவர் போதும் என்று தோன்றுகிறது. எவற்றை வைக்கலாம்? மற்றவற்றை எப்படிக் கழற்றுவது?

ஸ்லைடுபார்:
இரண்டைப் பற்றிப் பேச்சே இல்லை: 4, 8ஆம் கம்பிகளின் ஈ-யை எஃப்-க்கு ஏற்றுவது, அதே ஈ-யை டி ஷார்ப்புக்கு இறக்குவது. இரண்டும் இடது முட்டியிலேயே இருக்கட்டும். ஒரே கம்பியை ஒரே நேரத்தில் ஏற்றி இறக்கப் போவதில்லை, அதனால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வைத்தால் எதுவும் வீணாகாது.

ஏற்றும் லீவரை ஏ பெடலோடு (5, 10ஆம் கம்பிகளின் பி-யை சி ஷார்ப்புக்கு ஏற்றுவது) சேர்த்தால், வெறும் கம்பியில் கிடைக்கும் அதே மேஜர் கார்டு மூன்று ஃப்ரெட் மேலே கிடைக்கும். பெடலே இல்லாமல் அதை மட்டும் தள்ளி 5, 6, 8, 9ஐ மீட்டினால் முழு டிமினிஷ்டு ஏழாம் கார்டு. இறக்கும் லீவரோடு பி பெடல் (3, 6ஆம் கம்பிகளின் ஜி ஷார்ப்பை ஏ-வுக்கு ஏற்றுவது) சேர்ந்தால் 5, 6, 7, 8இல் பி7. ஏ, பி பெடல்கள் இரண்டையும் மிதித்தால் ஏ மேஜர். அதாவது ஈ, ஏ, பி7 மூன்றும் பாரை (கம்பிமேல் வைக்கும் உலோக உருளையை) நகர்த்தாமலே வந்துவிடும். இவற்றில் ஒன்றை எடுத்தாலும் வாசிப்பு நொண்டும்.

மூன்றாவதாக, வலது முட்டியை வலப்பக்கம் தள்ளுவது: 2ஆம் கம்பி டி ஷார்ப்பிலிருந்து டி, பிறகு சி ஷார்ப், 9ஆம் கம்பி டி-யிலிருந்து சி ஷார்ப். இந்த லீவரைத் தள்ளியபடி பி பெடலை மட்டும் மிதித்து 6, 8, 9ஐ எடுத்துப் பாருங்கள், கனமான ஏ மேஜர்.

நட்டுபோல்ட்:
முதல் இரண்டுக்கும் ஆமாம். மூன்றாவதற்கு என் ஓட்டு 6ஆம் கம்பியை ஜி ஷார்ப்பிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்கும் லீவருக்கு. பி பெடலோடு ஸ்ப்ளிட் (பெடலும் லீவரும் ஒரே கம்பியில் சேரும்போது நடுவில் கிடைக்கும் சுருதி) சரியாக அமைத்தால் அந்தக் கம்பி ஜி-யில் நிற்கும், அதே ஃப்ரெட்டில் ஈ மைனர். ஏழாம் சுரத்துக்கு 9ஆம் கம்பியில் டி சும்மாவே இருக்கிறதே!

ஸ்லைடுபார்:
ஈ மைனர் ஏ பெடலோடு மூன்று ஃப்ரெட் மேலேயும் கிடைக்கிறது. ஆனால் 2ஆம் கம்பியின் அரை நிறுத்தத்துக்கு (லீவர் பாதி வழியில் டி-யில் நிற்பதற்கு) மாற்று இல்லை. பழைய கன்ட்ரி வாசிப்பவருக்கு அதுதான் முக்கியம். பாரை நகர்த்தாமல் மேஜரிலிருந்து மைனருக்கு வழுக்குபவராக இருந்தால் நட்டுபோல்ட் சொல்வதைக் கேளுங்கள்.

நட்டுபோல்ட்:
கழற்றுவது பற்றி. முதலில் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துவிட்டு, லீவரிலிருந்து கம்பியை இழுக்கும் ஒவ்வொரு தண்டிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். கிட்டாரின் ஓரத்துக் கடைசித் தகட்டில், சுருதி சேர்க்கும் நைலான் நட்டைத் திருகி எடுத்தபின் தண்டை உருவுங்கள். நட்டை மட்டும் எடுத்துவிட்டுத் தண்டை உள்ளேயே விட்டால் கடகடவென்று ஆடும். நீங்கள் எடுக்கும் லீவருக்கு ஸ்ப்ளிட் திருகு இருந்தால் அதையும் பின்வாங்குங்கள். இல்லையென்றால் 5ஆம் கம்பி இறங்கும் பக்கத்தில் இடித்து நிற்கும்.

பிறகு வெறும் கம்பி, பெடல், லீவர் என்ற வரிசையில் சுருதி. நட்டைத் திருப்பும்போது லீவர் நிறுத்தம் வரை முழுதாகத் தள்ளியிருக்க வேண்டும். ஏற்றும் நட்டில் கொஞ்சம் தளர்வு இல்லாவிட்டால் கம்பி பழைய சுருதிக்குத் திரும்பாமல் மேலேயே தங்கும். எஃப் லீவரை ஏ பெடலைப் பிடித்துக்கொண்டு காதால் சேருங்கள், ட்யூனர் மீட்டரில் பச்சை விளக்கு எரிந்தால் போதாது.

ஒரு சோதனை: 4ஆம் கம்பியை ஏற்றி விடுங்கள், ஈ-யைக் கேளுங்கள். இறக்கி விடுங்கள், மறுபடி கேளுங்கள். இரண்டும் வேறாக ஒலித்தால் இறக்கத்தின் ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது ஃபிங்கரில் (கம்பியின் முனையைப் பிடித்து இழுக்கும் உலோகத் துண்டில்) உராய்வு. ஸ்பிரிங்கை வேண்டியதற்குமேல் இறுக்கினால் இறக்கும் லீவர் கல்லாகிவிடும்.

பத்துக்கம்பி:
நன்றி. 6ஆம் கம்பி லீவரையே வைக்கிறேன். இப்போது அதில் .022 அங்குலச் சுற்றுக் கம்பி. லீவர் கடைசி வரை போயும் எஃப் ஷார்ப் எட்டவில்லையே?

நட்டுபோல்ட்:
.020 சுற்றில்லாத கம்பி போடுங்கள். சுற்றுக் கம்பியின் உள்கம்பி மெல்லியது, அதே சுருதி மாற்றத்துக்கு லீவர் அதிக தூரம் போக வேண்டும். அப்படியும் எட்டவில்லை என்றால் இழுக்கும் தண்டை, பெல் கிராங்கில் (குறுக்குத் தண்டில் பொருத்திய துளையுள்ள கையில்) குறுக்குத் தண்டிலிருந்து ஒரு துளை தள்ளி மாட்டுங்கள். லீவர் கொஞ்சம் கனக்கும். வால்யூம் பெடல் ஆடுவதற்கு, லீவரை முட்டியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு நெருக்கி வைத்து, குதிகாலை ஊன்றிக்கொண்டு முட்டியை மட்டும் நகர்த்துங்கள்.