மறு: ரீஃப் டேங்க்ல வளர்ற வேண்டாத பாசிக்கு என்ன பேரு? பாசிக்களை, வழும்புக்களை

எல்லாருக்கும் வணக்கம்,

ரீஃப் டேங்க்ல, அதாவது பவளம் வளர்க்குற கடல்தண்ணித் தொட்டில, வளர்ற வேண்டாத பாசிக்கு நம்ம கலைச்சொல் பட்டியல்ல என்ன பேரு வைக்கலாம்னு இந்த இழைல வந்த மடல் எல்லாத்தையும் மொதல்லேர்ந்து படிச்சுட்டுத்தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க. தொல்லைப்பாசி, நச்சுப்பாசி, மிகைப்பாசி, அப்புறம் பேசாம இங்கிலீஷ்ல சொல்ற மாதிரி ஆல்கேன்னே (algae) விட்டுடலாம்னு ஒரு கட்சி. எனக்கு இதுல எதுவும் சரியா உக்காரல. சொல்லு அழகா இல்லைங்கறது என் கவலை இல்ல. நாப்பது அம்பது லிட்டர் டேங்க் வச்சிருக்குற ஒருத்தர் இந்தப் பேரைப் படிச்சுட்டு அடுத்து கையில என்னத்த எடுப்பாரு, ப்ரஷ்ஷா, மருந்தா, பாஸ்பேட் உறிஞ்சுற மீடியாவா (ஃபில்டர்ல போடுற பொருள்), அதைத்தான் நான் பாக்குறேன்.

> நச்சுப்பாசின்னு வைங்க, பவளத்தையே கொல்லுதே, அப்புறம் என்ன யோசனை?

ஐயா, முடிப்பாசி (முடி மாதிரி நீளமா வளர்ற பாசி) பவளத்தை அழிக்கிறது பெரும்பாலும் மேல படர்ந்து வெளிச்சத்தையும் தண்ணி ஓட்டத்தையும் மறைச்சுத்தான். அதோட பவளத்தோட திசுவுக்குள்ளயே சூசாந்தெல்லேன்னு ஒத்தச்செல் பாசி குடியிருக்கு, அது வெளிச்சத்துல செஞ்சு குடுக்குற சர்க்கரைதான் பவளத்துக்கு முக்கியமான சாப்பாடு. அது போயிட்டா பவளம் வெளுத்துடும். இன்னொண்ணு, பாறை மேல ஊதா நிறத்துல ஓடு மாதிரி படியுற சுண்ணப்பாசி, அது வரணும்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம். அந்த டேங்க்ல பாசின்னாலே விஷம்னு மனசுல பதியுற மாதிரி ஒரு பேரு வச்சா, புதுசா வர்றவங்க பாசிக்குத் தீனியாகுற நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சைபருக்கு இறக்கிடணும்னு கிளம்பிடுவாங்க. அதுல என்ன ஆபத்துன்னு கீழ வர்றேன். நச்சுங்கற சொல்லை நெஜமாவே நச்சு இருக்குற ஒண்ணுக்கு வச்சுக்கலாம், அதுவும் கீழ வருது.

> மிகைப்பாசி நல்லா இருக்கே. அளவுக்கு மீறி வளர்றதுதானே பிரச்சனை?

இதுல ஒரு நியாயம் இருக்கு, ஆனா அளவு மட்டும் பிரச்சனை இல்ல, இடமும்தான். சேட்டோமார்ஃபாங்கற பச்சைப் பாசியை எடுத்துக்குங்க. ரெஃப்யூஜியத்துல (மெயின் டேங்க்கோட தண்ணி ஓடி வர்ற தனி அறை) அது மண்டிக்கிட்டு வளர்ந்தா நமக்கு சந்தோஷம், பிடி பிடியா அறுவடை பண்ணி எடுத்தா அதோட சேர்ந்து நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளிய போகுது. அதே சேட்டோல ஒரு துண்டு பம்ப் வழியா மெயின் டேங்க்குக்கு வந்து ஒரு பவளக்கிளையில சுத்திக்கிட்டா, அளவுல கொஞ்சந்தான், ஆனா உடனே எடுத்தாகணும். அமெரிக்காவோட ஸ்மித்சோனியன் நிறுவனத்துல இருந்த வால்ட்டர் ஏடி வலைத்திரை மேல தண்ணியை ஓட விட்டு முடிப்பாசியையே வேணும்னு வளர்த்து, சுரண்டி எடுத்து தண்ணியை சுத்தம் பண்ற முறையைக் கொண்டு வந்தாரு, 1982ல அதுக்கு காப்புரிமை வாங்கினாரு. பாறை மேல எதைப் பாத்து பயப்படுறமோ கிட்டத்தட்ட அதேதான் அந்தத் திரை மேல பயிர்.

ஒரே உயிரி ஓரிடத்துல பயிராவும் இன்னோரிடத்துல எடுக்க வேண்டியதாவும் இருக்குன்னா, அதுக்குத் தமிழ்ல ரொம்ப நாளாவே ஒரு சொல் இருக்கு: களை. களைங்கறது எந்த இனத்தோட பேரும் இல்ல, அது ஒரு நெலமை. உளுந்து வயல்ல மொளைச்ச நெல்லு களைதான், அதுக்காக யாரும் நெல்லைக் கெட்ட செடின்னு சொல்றதில்ல.

> களைப்பாசின்னு ஏற்கெனவே ஒருத்தர் சொன்னாரே. ஆனா அதைப் படிக்கும்போது களைப்பு + ஆசின்னு பிரிச்சுப் படிக்கத் தோணுது, அசிங்கமா இருக்கு.

தோணுதுதான், நானும் அப்படித்தான் மொதல்ல படிச்சேன். ஆனா அதை விட பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு, அது தொல்லைப்பாசி, மிகைப்பாசி, களைப்பாசி மூணுக்கும் பொது. தமிழ்ல தொகைச்சொல்லுல கடைசியா வர்றதுதான் பொருளோட தலை. கடைசில பாசின்னு முடிச்சா, அந்தப் பேருக்குள்ள அடங்குறது எல்லாமே பாசின்னு நாம உறுதி குடுத்த மாதிரி ஆயிடுது. ஆனா டேங்க்ல தொல்லை குடுக்குறதுல பாதி பாசியே இல்ல. மணல் மேல செவப்பா தோல் மாதிரி விரிஞ்சு, நடுநடுவுல காத்துக் குமிழோட கெடக்குறதை எல்லாரும் செவப்புப் பாசின்னு சொல்றோம், அது சயனோபாக்டீரியா, பாக்டீரியா இனம். பழைய பாடப்புத்தகத்துல நீலப்பச்சைப் பாசின்னு போட்டதுனால இந்தக் குழப்பம் இன்னும் போகல.

அதனால திருப்பிப் போட்டுடலாம்னு சொல்றேன். தலை களையாவே இருக்கட்டும், என்ன மாதிரிக் களைங்கறது முன்னாடி வரட்டும். வேளாண்மைல புல்வகைக் களை, கோரைக்களை, அகன்ற இலைக்களைன்னு இப்பவே பிரிக்கிறாங்க இல்லையா, அந்தப் பிரிவு சும்மா இல்ல, எந்த வகைன்னு தெரிஞ்சாத்தான் எப்படி எடுக்குறதுன்னு முடிவு பண்ண முடியும். நம்ம டேங்க்குக்கும் அதே வரிசைல பாசிக்களை, வழும்புக்களைன்னு ரெண்டு. பொதுவா எல்லாத்தையும் சேத்து சொல்லணும்னா தொட்டிக்களை.

பிரிக்கிறதுக்கு மைக்ராஸ்கோப் வேண்டாம், விரல் போதும். புடிச்சு இழுத்தா பாறையோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னு நிக்குதா, பாசிக்களை. தொட்ட உடனே கொழகொழன்னு பிரிஞ்சு, சின்ன ட்யூப் வச்சு உறிஞ்சினா தகடு தகடா வந்துடுதா, வழும்புக்களை. வழும்புன்னா வழவழன்னு ஒட்டுற பொருள், இதுக்கு அப்படியே பொருந்தும்.

இந்த ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, சில சமயம் நேர் எதிர். அதுக்குத்தான் இவ்வளவு மல்லுக்கட்டுறேன்.

பாசிக்களைல டெர்பீசியா மாதிரி முடிப்பாசி, இறகு மாதிரி ரெண்டு பக்கமும் கிளை விட்ட பிரையாப்சிஸ், பச்சை முத்து மாதிரி இருக்குற வலோனியா எல்லாம் வரும் (வலோனியா முத்து ஒவ்வொண்ணும் ஒரே ஒரு செல்லுதான்! அதை டேங்க்குக்குள்ளயே நசுக்காம முழுசா கழட்டி எடுக்கறது நல்லது). இதுக்கெல்லாம் தீனி உள்ள வர்ற சத்து. மீன் சாப்பாடு, அதோட கழிவு, டாப்அப் தண்ணில (ஆவியானதுக்கு ஈடா ஊத்துறது) வர்றது. டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற பொருளோட அளவு) சைபர் காட்டுற ஆர்ஓ டிஐ தண்ணியை, அதாவது வடிகட்டி கரைசல் எல்லாம் நீக்கின தண்ணியை மட்டும் ஊத்தணும்னு சொல்றது அதனாலதான். இங்க ஒண்ணை அழுத்தி சொல்லணும்: பாறையெல்லாம் முடிப்பாசியா இருக்கும்போது டெஸ்ட் கிட்ல பாஸ்பேட் சைபர்னு வந்தா நம்பிடாதீங்க. வர்ற பாஸ்பேட்டை அந்தக் களை உடனுக்குடன் தின்னுடுது, தண்ணில மிச்சம் இல்ல, அவ்வளவுதான். பாறையும் சுண்ணாம்புங்கறதால பாஸ்பேட்டைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, தண்ணில குறையக் குறைய கொஞ்சம் கொஞ்சமா விடும், அதனால எல்லாம் சரி பண்ணின பிறகும் ரொம்ப நாளைக்கு களை வளர்றது நிக்காது. மனசு விட்டுடக்கூடாது.

சின்ன டேங்க்ல ஒரு வசதி, பாறையை வெளிய எடுக்கலாம். டேங்க் தண்ணியையே ஒரு வாளில எடுத்து அதுக்குள்ள வச்சு, கையால பிடுங்கி, பழைய டூத்ப்ரஷ்ஷால தேச்சு, வேற டேங்க் தண்ணில அலசி திருப்பி வைங்க. உள்ளயே தேச்சா துண்டு துண்டா பறந்து எல்லா எடத்துலயும் மொளைக்கும். மூணு சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை வெளிய எடுத்த பாறைல களை இருக்குற எடத்துல மட்டும் தொட்டு வச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு அலசுறதும் பலன் குடுக்கும், பவளத்து மேல படாம பாத்துக்கணும். டேங்க்குக்குள்ளயே ஊத்துறதை நான் சொல்ல மாட்டேன், இறால் இருந்தா தாங்காது.

இதுக்கு தனியா சொல் உருவாக்கவே வேண்டாம், களையெடுப்புன்னு ஏற்கெனவே இருக்கு. அதுக்கப்புறந்தான் மேய்ச்சல். வரிசை முக்கியம், ஏன்னா நீளமா வளர்ந்த முடியை நத்தைங்க பெரும்பாலும் தொடாது, குட்டையா மொளைச்சு வர்றதைத்தான் மேயும். ட்ரோகஸ் நத்தை சின்ன டேங்க்குக்கு நல்லா ஒத்து வரும், கவுந்து விழுந்தாலும் தானா திரும்பிக்கும், அஸ்ட்ரேயா பல சமயம் திரும்ப முடியாம அப்படியே செத்துடும். வலோனியாவுக்கு எமரால்டு நண்டு. டேங் (tang) வகைக் கடல்மீனுங்க பாசி தின்னும்தான், ஆனா நீந்த எடம் வேணும், அம்பது லிட்டர்ல விடுறது பாவம்.

> க்ளீனப் க்ரூவுக்கு துப்புரவுப் படைன்னு போட்டுட்டோம், அதை மாத்தணுமா?

டேங்க்கை சுத்தம் பண்ண விடுற நத்தை, நண்டு கூட்டத்துக்கு வச்ச பேரு அது. மாத்த வேண்டாம், பிரிக்கணும். நசாரியஸ் நத்தை மணலுக்குள்ள கெடந்து மிச்ச மீதி சாப்பாட்டைத் தின்னும், பாசியைத் தொடாது. அது துப்புரவு. ட்ரோகஸ், கடல் முள்ளெலி இதெல்லாம் மேய்வன. படை வாங்கி விட்டும் பாசி குறையலன்னு பொலம்புறவங்க டேங்க்ல நசாரியஸ் மட்டுமே இருக்குறதைப் பாக்கலாம், பேரு ஒண்ணா இருக்குறதோட விளைவு அது.

மேய்ச்சலோட பலம் என்னன்னு கடல்லயே பாத்தாச்சு. 1983, 84ல கரீபியன் கடல் முழுக்க டயடிமா கடல் முள்ளெலிங்க நோய் வந்து கூட்டங்கூட்டமா செத்துச்சு. ஜமைக்கால அதுக்கு முன்னாடியே பாசி மேயுற மீனுங்களை அளவில்லாம பிடிச்சு முடிச்சிருந்தாங்க, 1980 புயலும் பவளத்தை ஒடைச்சுப் போட்டிருந்துச்சு. மிச்சமிருந்த ஒரே மேய்வன இந்த முள்ளெலிங்கதான், அதுவும் போனதும் பாசி மூடிடுச்சு. 1970கள் கடைசில பாதிக்கு மேல உயிர்ப்பவளமா இருந்த திட்டுங்க 1990கள் தொடக்கத்துல அஞ்சு சதவீதத்துக்கும் கீழ போச்சு. பாறை காலியா இருந்தா யாரு மொதல்ல பிடிக்கிறாங்கங்கறதுதான் கணக்கு, நம்ம டேங்க்லயும்.

இப்ப வழும்புக்களை. சயனோ பெரும்பாலும் தண்ணி ஓட்டம் செத்துப் போற மூலைல, மணல்ல கழிவு தேங்குற எடத்துல வரும். அதுல சில வகை காத்துல இருந்து கரைஞ்ச நைட்ரஜனையே பிடிச்சுப் பயன்படுத்திக்கும், அதனால பாஸ்பேட் இருக்கும்போது நைட்ரேட்டை மட்டும் இறக்குனா சயனோவுக்குத்தான் வழி விட்ட மாதிரி. உறிஞ்சி எடுத்து, ஓட்டத்தைத் திருப்பி விட்டு, சாப்பாட்டைக் குறைக்கணும்.

டைனோஃப்ளஜெல்லேட்ங்கற ஒத்தச்செல் உயிரி இன்னும் மோசம். பழுப்பா சளி இழை மாதிரி, நுனில குமிழோட தொங்கும், ராத்திரி கொறையும், லைட் போட்டதும் திரும்பி வரும். இது பல டேங்க்ல வர்றதே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சைபரைத் தொட்ட பிறகுதான், போட்டிக்கு வேற எதுவும் இல்லாததால அது மட்டும் பெருகுது. இதைப் பாசின்னு நெனச்சு பாஸ்பேட் மீடியாவை இன்னும் கூட்டி, தண்ணியை இன்னும் மாத்துனா அது இன்னும் வலுக்கும், கூடவே பவளமும் பட்டினி. செய்ய வேண்டியது நேர் எதிர்: சத்தை ஏத்தணும். நைட்ரேட் 2லேர்ந்து 10 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்குதான் ஒரு பிபிஎம்), பாஸ்பேட் 0.03லேர்ந்து 0.1 பிபிஎம், இந்த அளவுல வச்சுக்கறது ரெண்டு பக்கமும் பாதுகாப்பு. அதுல ஆஸ்ட்ரியாப்சிஸ் வகைன்னா ராத்திரி தண்ணிக்குள்ள மெதக்கும், அப்ப யூவி (புற ஊதா) விளக்கு வச்சா பிடிபடும், ஆம்ஃபிடினியம் மணலுக்குள்ளயே இருக்கும், யூவி பெருசா உதவாது. இந்த எடத்துல மட்டும் விரல் போதாது, மைக்ராஸ்கோப் வேணும். நச்சுங்கற சொல்லை இதுக்கு எடுத்து வச்சுக்கலாம்னு சொன்னேனே, ஆஸ்ட்ரியாப்சிஸ் நெஜமாவே நச்சு சுரக்கும், அதை மேயுற நத்தை செத்துப் போறதுண்டு. கை உறை போட்டுக்கிட்டு வேலை பாருங்க. நச்சு வழும்புக்களைன்னு குறிப்புல சேத்துடலாம்.

> டயாட்டம் எதுல வரும்?

புது டேங்க்ல மொத சில வாரம் மணல் மேல பழுப்புப் பொடி மாதிரி படியுமே, அது இழுத்தாலும் நிக்காது, தகடாவும் வராது, ஊதினா பறக்கும். தண்ணில இருக்குற சிலிகேட்டை வச்சு கண்ணாடி ஓடு கட்டிக்கும், சிலிகேட் தீந்ததும் தானா போயிடும். பொடிப்படிவுன்னு மட்டும் சொல்லிட்டு களைங்கற சொல்லை இதுக்கு விட்டுடலாம்னு எனக்குத் தோணுது, எடுக்கவே வேண்டாதது எதுக்குக் களை? இதுல மாத்துக்கருத்து இருந்தா சொல்லுங்க, நான் பிடிவாதமா இல்ல.

பாசிப்பெருக்கு இதோட சேராது. அது தண்ணியே பச்சையா மாறுறது, கலைச்சொல் பட்டியல்ல ஏற்கெனவே இருக்கு, அப்படியே இருக்கட்டும்.

> ஆல்கேன்னே எழுதினா என்ன, எல்லாருக்கும் புரியுதே

பேசும்போது எழுதும்போது ஆல்கேன்னு போடுறதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல, சயனோ, டைனோ, சேட்டோன்னு நானே இந்த மடல் முழுக்க எழுதியிருக்கேன், உயிரியோட பேரு அப்படியே இருக்கலாம். களைங்கறது அது நமக்கு என்னவா இருக்குங்கறதை சொல்ற சொல்லு, அந்த வேலையை ஆல்கே பண்ணாது.

பட்டியலுக்கு நான் அனுப்பப் போறது தொட்டிக்களை, பாசிக்களை, வழும்புக்களை, களையெடுப்பு, மேய்வன. ரெஃப்யூஜியத்துக்கு பாசிப்பண்ணைன்னு ஒருத்தர் சொன்னது எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா அங்க பாசி மட்டும் வளர்றதில்ல, சின்ன கோப்பிபாட் பூச்சிங்களும் மீன்கிட்டேர்ந்து தப்பிச்சுப் பெருகுது. புகலறைன்னு போடலாமான்னு கேக்குறேன். யாராவது இதை விட நல்லதா வச்சிருந்தா பட்டியல் போறதுக்குள்ள சொல்லுங்க.