டவர் தெரியுது, சிக்னல் மட்டும் இல்ல: உங்களுக்கு நடந்தது?

ஒத்தைக்கோடு:
நானே ஆரம்பிக்கறேன். ஃபைபர் வந்து நிக்கற இடத்துலேருந்து எங்க வீடு 2 கிலோமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ் ஒரு ஜோடி வெச்சு இழுத்தோம். வெச்சப்ப நடுவுல இருந்த மரம் மொட்டையா நின்னுச்சு, நான் அத கண்டுக்கவே இல்ல, சிக்னல் மைனஸ் 58 காட்டுச்சு (சைபர் கிட்ட வர வர நல்லது), சும்மா பறந்துச்சு. துளிர் விட்டுச்சு பாருங்க, மைனஸ் 80. மழை பேஞ்சு இலையெல்லாம் ஈரமாச்சுன்னா லிங்க்கே கட். ஒரு ராத்திரி கம்பத்துல ஏறி ஒரு கையால கம்பத்தையும் ஒரு கையால போனையும் புடிச்சுகிட்டு பாக்கறேன், காத்துல கிளை ஆட ஆட நம்பர் 74, 83, 74, 83ன்னு மரம் மூச்சு விடற மாதிரி ஏறி இறங்குது. கீழ எனக்கு டார்ச் அடிச்சுட்டு நின்னது யாருன்னா மரத்துக்கு சொந்தக்கார தாத்தா. "என்னப்பா, மரம் மறைக்குதா?"ன்னாரு. "இல்ல தாத்தா, மெஷின்ல ஏதோ கோளாறு"ன்னுட்டேன்.

தூக்கம்வரல:
நமக்கு மரமெல்லாம் இல்ல, நாலு கோடும் ஃபுல்லா நிக்கும், பேஜ் மட்டும் திறக்காது. தங்கச்சி ஒரு அப்ளிகேஷன் போடணும், கடைசி நாள், சாயந்தரம் 6 மணிலேருந்து சப்மிட்ட அமுக்கறா, சுத்துது சுத்துது சுத்திட்டே இருக்கு. அந்தக் கோடு நமக்கும் டவருக்கும் நடுவுல உள்ளத மட்டும்தான் காட்டும், டவர்லேருந்து அந்தப் பக்கம் போற பைப் எவ்ளோ ஒல்லி, அதுல எத்தன பேர் முண்டறாங்கன்னு காட்டாது, இதெல்லாம் அப்ப எனக்குத் தெரியாது, போன தூக்கிட்டு மாடிக்கும் வாசலுக்கும் ஓடிட்டு இருந்தேன். அப்படியே அசந்துட்டோம். விடியக்காலைல 3:30க்கு தலகாணிக்கு அடில டிங் டிங் டிங்ன்னு, நாள் பூரா அடைஞ்சு கிடந்த மெசேஜ் எல்லாம் ஒண்ணா வந்து விழுது. எல்லாரும் தூங்கறப்ப பைப் காலி! தங்கச்சி எழுந்து அந்த பேஜ திறந்தா ஒரே செகண்டுல திறந்துச்சு, விண்ணப்பிக்கும் நாள் முடிந்ததுன்னு. அந்த ஒரு செகண்ட் வேகம்தான் இன்னும் கடுப்பு.

கம்பிவடம்:
முதல் பதிவுக்கு. 5 கிகாஹெர்ட்ஸ்ல மழை ஒண்ணும் பண்ணாது பாஸ், 10க்கு மேல போனாத்தான் மழை சிக்னல குடிக்க ஆரம்பிக்கும், 2 கிலோமீட்டருக்கு அது கணக்குலயே வராது. உங்களுக்கு ஆண்டெனா கேபிள மாட்டற கனெக்டர்ல தண்ணி இறங்கியிருக்கு, எழுதி வெச்சுக்கோங்க. நானும் இப்படித்தான் ஆறு மாசம் மழைய திட்டிட்டு இருந்தேன், ஒரு நாள் கனெக்டர திருகினா மூஞ்சில தண்ணி ஊத்துச்சு. என் கதை அவ்ளோதான். இப்ப கேட்டுக்கோங்க, கேபிள் பெட்டிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கீழ ஒரு தொங்கல் விடணும், தண்ணி உள்ள போகாம அங்கயே சொட்டிடும். கனெக்டர் மேல சாதா டேப்ப மட்டும் சுத்தாதீங்க, வெயில்ல பிசுபிசுன்னு கழண்டுக்கும், உள்ள ரப்பர் டேப் சுத்திட்டு அதுக்கு மேல இத சுத்துங்க. ஆண்டெனாவுக்கும் ரேடியோவுக்கும் (சிக்னல அனுப்பி வாங்கற பெட்டி) நடுவுல மெல்லிசு கேபிள நீட்டாதீங்க, 2.4 கிகாஹெர்ட்ஸ்லயே மீட்டருக்கு கிட்டத்தட்ட 1 டெசிபெல் போயிடும், 10 மீட்டர் போட்டா பத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். எதிர் டிஷ் கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்னு எல்லாரும் நினைக்கறாங்க, அதுவும் தப்பு, அலை நூல் புடிச்ச மாதிரி போகாது, நடுவுல உப்பும், உங்க தூரத்துக்கு நட்டநடுவுல சுத்திலும் 5 மீட்டர், அதுல பாதிக்கு மேல காலியா இருந்தே ஆகணும். கம்பத்த ஏத்துங்க. ஏத்தினா இழுவைக் கம்பி மூணு பக்கமும் கட்டுங்க. எர்த் போட்டிருக்கீங்களா?

ஒத்தைக்கோடு:
மழைன்னா சொன்னேன்? ஈர இலைன்னு சொன்னேன். மழை விட்டு ரெண்டு மணி நேரம் ஆனாலும் வராது, இலை காஞ்சாத்தான் வரும். டிஷ்ஷும் ரேடியோவும் ஒரே பீஸ், நீங்க சொல்ற கனெக்டரே அதுல கிடையாது. கம்பம் போன வருஷமே ஏத்தியாச்சு, மரமும் சேந்து ஏறுது.

கம்பிவடம்:
அப்ப டிஷ்லேருந்து வீட்டுக்குள்ள வர ஈத்தர்நெட் கேபிள் முனைய பாருங்க.

வாசல்படி:
நீங்க சண்டை போட்டு முடிங்க, நான் என் மானம் போன கதைய சொல்லிட்டுப் போறேன். வீட்டுக்குள்ள சிக்னல் சுத்தமா வராதுன்னு ஆன்லைன்ல ஒரு பூஸ்டர் வாங்கினேன், நிறைய நாட்டுல அனுமதி இல்லாம அத மாட்டவே கூடாதுன்னு அப்ப யாருக்குத் தெரியும். வெளி ஆண்டெனா கூரை மேல, உள் ஆண்டெனா அதுக்கு நேர் கீழ. மைக்க ஸ்பீக்கர் கிட்ட கொண்டு போனா ஊளையிடுமே, அதேதான், நம்ம காதுக்குக் கேக்காது, டவர் காதுல போய் கத்தும். எனக்கு நாலு கோடு. மத்தவங்க பேசறது டவருக்குக் கேக்கல. பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு வாரமா "கால் கட்டாயிட்டே இருக்கு தம்பி, புள்ளகிட்ட பேச முடியல"ன்னு என்கிட்டதான் வந்து புலம்பினாங்க, நானும் "கம்பெனிக்காரன் சரியில்லக்கா"ன்னு ஒத்து ஊதிட்டு இருந்தேன். ஒரு நாள் டெக்னீசியன் ஒருத்தர், மீன் முள்ளு மாதிரி ஒரு ஆண்டெனாவ கையில புடிச்சுட்டு தெருவுல அப்படி ஒரு தடவ இப்படி ஒரு தடவ திருப்பித் திருப்பி நடந்து வராரு, எங்க வாசல்ல வந்து நின்னுட்டாரு. முனை நேரா எங்க கூரைய காட்டுது. அவர் கத்தலாம் இல்ல, "கொஞ்சம் ஆஃப் பண்றீங்களா"ன்னு மட்டும் கேட்டாரு. ஆஃப் பண்ணேன். அக்கா அவங்க வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தாங்க, கையில போனோட.

தூக்கம்வரல:
ஃபைன் போட்டாங்களா?

வாசல்படி:
இல்ல, பூஸ்டர மட்டும் கழட்டச் சொன்னாங்க. அக்காதான் இப்பல்லாம் சிக்னல் பத்தி என்கிட்ட பேசறதே இல்ல.