மிச்சிகன் குடும்ப நீதிமன்றம்: ரெஃபரி சொன்னால் அதுதான் தீர்ப்பா?

கேன்டன்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகனில் இருக்கிறேன், விவாகரத்தாகி இரண்டு வருடம். மகளுக்கு ஏழு வயது. வாரத்தில் ஐந்து இரவு என்னிடமும், வெள்ளி, சனி இரவுகள் அவள் அப்பாவிடமும் இருக்கிறாள். நான் மருத்துவமனையில் வியாழன்தோறும் இரவு ஷிப்ட் பார்க்கிறேன் என்று காட்டி, அந்த இரவும் தனக்கு வேண்டும் என அவர் மனு போட்டார். நானும் ஒரு மனு போட்டிருந்தேன். ஜூலையில் மதுரையில் என் அப்பாவுக்குச் சதாபிஷேகம். மகளை ஆறு வாரம் அழைத்துப் போக அனுமதி கேட்டிருந்தேன்.

நீதிபதி முன்னால் நிற்கப் போகிறோம் என்று நினைத்துத்தான் போனேன். ஒரு சிறிய அறையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். தான் நீதிபதி இல்லை, ரெஃபரி என்றார். நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. என் வியாழன் ஷிப்ட் போன மாதமே பகலுக்கு மாறிவிட்டது. அதற்கு மேனேஜர் கொடுத்த கடிதம் கையில் இருந்தது. எடுத்து நீட்டினேன், நேரம் முடிந்துவிட்டது என்றார்கள்.

இப்போது அந்த ரெஃபரி நீதிபதிக்கு எழுதிய பரிந்துரை தபாலில் வந்திருக்கிறது. வியாழன் இரவு அவருக்கு, மதுரைப் பயணத்துக்கு அனுமதி இல்லை. நீதிபதி அல்லாத ஒருவர் சொன்னது எப்படித் தீர்ப்பாகும்? கோயிலில் விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உறை வந்து ஆறு நாளாகிறது.

ஈரக்காற்று

சகோதரி, உங்கள் கேள்வியிலேயே இந்த ஏற்பாட்டின் கோளாறு இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரனோடு வேலித் தகராறு என்றால் அதை நீதிபதி கேட்கிறார். ஏழு வயதுக் குழந்தை எந்த இரவில் எந்த வீட்டில் தூங்க வேண்டும் என்பதை மட்டும் வேறொருவர் கேட்டு எழுதிக் கொடுக்க, நீதிபதி கையெழுத்துப் போடுகிறார். 1936இல் மார்கன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முடிவு எடுப்பவர்தான் கேட்க வேண்டும் என்று சொன்னது. அது ஒரு அரசுத் துறையின் கட்டண முடிவைப் பற்றிய வழக்கு. கட்டணத்துக்கே அந்த அக்கறை என்றால் குழந்தைக்கு எவ்வளவு வேண்டும்?

இன்னொன்று. மிச்சிகனில் நீதிபதியை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், ரெஃபரியை நீதிமன்றம் நியமிக்கிறது. பல மாவட்டங்களில் அவர் உட்காருவது ‘ஃப்ரெண்ட் ஆஃப் தி கோர்ட்’ அலுவலகத்துக்குள். ஜீவனாம்சம் வசூலிக்கிற அலுவலகமும் அதுதான். அந்த வசூல் வேலைக்கு ஆகும் செலவில் 66 சதவீதத்தை மத்திய அரசு திருப்பித் தருகிறது. வசூலும் விசாரணையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாம்நதி

ஈரக்காற்று அண்ணா, நான் எட்டு வருடம் சிறார் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்தவள். நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ‘வேறொருவர்’ என்று ஒதுக்கிப் பேசுவது நியாயமில்லை.

ஒரு குழந்தையை ஆபத்து என்று வீட்டிலிருந்து எடுத்துவிட்டால், இங்கே 24 மணி நேரத்துக்குள் முதல் விசாரணை தொடங்கியாக வேண்டும். ஞாயிறும் அரசு விடுமுறையும் மட்டும்தான் கணக்கில் வராது, சனிக்கிழமை வரும். வெள்ளி மாலை ஆறு மணிக்கு இரண்டு பிள்ளைகளை எடுத்து வந்தால், மறுநாள் யார் கேட்பது? நான் பார்த்த சனிக்கிழமைகளில் கேட்டது ரெஃபரிகள்தான். அம்மா அழுதுகொண்டு நிற்பார், பாட்டி பழைய பால் புட்டியோடு வந்திருப்பார். பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விடலாமா, முன்பின் தெரியாத வீட்டுக்கு அனுப்ப வேண்டுமா என்று அங்கேயே தீர்மானமாக வேண்டும். நான் கூட இருந்த ஒரு விசாரணையில் ரெஃபரி பாட்டியிடம் முக்கால் மணி நேரம் பேசினார். வீட்டில் எத்தனை படுக்கை, மாடிப்படிக்குத் தடுப்பு உண்டா, தாத்தாவின் மருந்துகள் எங்கே இருக்கும் என்றெல்லாம் கேட்டார். பிள்ளைகள் அன்றிரவு பாட்டியோடு போனார்கள்.

இதே வேலையை வருடக்கணக்காகச் செய்பவருக்குத்தான் அந்தக் கேள்விகள் தோன்றும். திங்கள் ஒப்பந்தத் தகராறு, செவ்வாய் திருட்டு, புதன் குழந்தை என்று ஓடுகிற நீதிபதிக்குத் தோன்றும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஈரக்காற்று

தங்கை, அந்த ரெஃபரி நல்லவர், மறுக்கவில்லை. ஆனால் நல்லவர்களை நம்பி நடந்த சிறார் நீதிமன்றம் எங்கே கொண்டுபோய் விட்டது? 1899இல் சிகாகோவில் முதல் சிறார் நீதிமன்றம் தொடங்கியபோது, தண்டிக்கும் இடமாக இல்லாமல் தகப்பன் போல நடக்கும் இடமாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தார்கள். 1920இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சிறார் நீதிமன்றத்தில் ரெஃபரியாக வந்த மிரியம் வான் வாட்டர்ஸ் வழக்கறிஞரே இல்லை, மானுடவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். சிறுமிகள் மீது உண்மையான அக்கறை கொண்டவர். ஆனால் அக்கறை இருக்கிறதே, விதிமுறை எதற்கு என்ற பழக்கம் அங்கேதான் வேர்விட்டது.

அதன் விளைவை 1964இல் அரிசோனாவின் ஜெரால்ட் கால்ட் அனுபவித்தான். 15 வயது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனில் ஆபாசமாகப் பேசியதாகப் புகார். புகார் சொன்னவர் விசாரணைக்கே வரவில்லை. பையனுக்கு வக்கீல் இல்லை, பேசியது எதையும் யாரும் பதிவு செய்யவில்லை. பெரியவர் ஒருவர் அதே குற்றம் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. இவனை 21 வயதுவரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்க உத்தரவு, அதாவது ஆறு வருடம். 1967இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் சிறாருக்கு வக்கீல், குற்றச்சாட்டை முன்கூட்டி அறிவது, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது என்ற உரிமைகள் வந்தன.

மூன்றாம்நதி

அண்ணா, கால்டை அனுப்பியது யார்? நீதிபதி. ரெஃபரி இல்லையே. பென்சில்வேனியாவின் லசர்ன் மாவட்டத்தைப் பாருங்கள். தனியார் சிறார் காப்பகம் தொடர்பாக நீதிபதிகள் கைக்கு 28 லட்சம் டாலர் போனது. சின்னச் சின்னத் தவறுகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக உள்ளே அனுப்பிய மார்க் சியாவரெல்லா நீதிபதிதான். 2011இல் அவருக்கு 28 வருடம் சிறை. அந்தப் பிள்ளைகளில் ஏராளமானோர் வக்கீல் இல்லாமலே நின்றார்கள். நாற்காலியில் இருப்பவரின் பதவிப் பெயர் அவர்களைக் காப்பாற்றவில்லை.

ரெஃபரி முறையில் ஒரு இரண்டாவது கண் உண்டு. அவர் எழுதுவது பரிந்துரை மட்டும்தான், நீதிபதி கையெழுத்திடாமல் உத்தரவாகாது. கலிஃபோர்னியாவில் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கும் ரெஃபரி உத்தரவு, சிறார் நீதிமன்ற நீதிபதி வெளிப்படையாக ஒப்புதல் தராமல் செல்லாது.

ஐகோர்ட்வாசல்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். ஒரு சொல் விளக்கம். ‘ரெஃபரி’யை நடுவர் என்று மொழிபெயர்க்காதீர்கள். இங்கே நீதித்துறை நடுவர் என்றால் மேஜிஸ்திரேட், சொந்த அதிகாரத்தில் தீர்ப்புச் சொல்பவர். 2015 சட்டப்படி அமைந்த நம் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்காருகிறார்கள். மூவரும் சேர்ந்து போடுவது உத்தரவு, பரிந்துரை அல்ல. அமெரிக்க ரெஃபரி அப்படியல்ல. அங்கேயும் பெயரில் குழப்பம் உண்டு. மேரிலாண்டில் ‘மாஸ்டர்’ என்று அழைத்து வந்ததை 2015இல் மேஜிஸ்திரேட் என்று மாற்றினார்கள்.

அந்த மேரிலாண்ட் மாஸ்டர் முறை 1978இல் ஸ்விஷர் எதிர் பிரேடி வழக்காக உச்ச நீதிமன்றம் போனது. மாஸ்டர் ஒரு சிறுவனைக் குற்றமற்றவன் என்று பரிந்துரைத்த பிறகு அரசுத் தரப்பு நீதிபதியிடம் ஆட்சேபம் போட்டால், அது ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிப்பதாகாதா என்பது கேள்வி. ஆகாது என்றார்கள் ஆறு பேர். முடிவெடுப்பவர் ஆரம்பம் முதலே நீதிபதி ஒருவர்தான், மாஸ்டர் இல்லை என்பது காரணம். மூன்று பேர் ஒப்பவில்லை.

ஈரக்காற்று

நன்றி சார், என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று இல்லை. சாட்சியின் முகத்தைப் பார்த்தவர் முடிவெடுப்பவர் அல்ல, முடிவெடுப்பவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம்நதி சொல்கிற இரண்டாவது கண் காகிதத்தைத்தான் பார்க்கிறது. அதுவும் யாராவது ஆட்சேபம் போட்டால்தான் ஊன்றிப் பார்க்கும். மிச்சிகனில் சிறார் வழக்கில் ரெஃபரியின் பரிந்துரையை மறுபரிசீலனை செய்யச் சொல்ல எத்தனை நாள்? ஏழு. இரண்டு வேலை பார்க்கிற, ஆங்கிலம் தடுமாறுகிற ஒரு அம்மாவுக்கு ஏழு நாளில் இது புரிந்து, எழுதி, தாக்கல் செய்ய முடியுமா? உரிமை சட்டத்தில் இருந்தும் அவள் கைக்கு வந்து சேரவில்லை.

மூன்றாம்நதி

ஏழு நாள் குறைவு. இதில் உங்களோடு சண்டை இல்லை, நானே அலுவலகத்தில் கத்தியிருக்கிறேன். ஆனால் ரெஃபரியை ஒழித்தால் அந்த அம்மாவுக்கு என்ன கிடைக்கும்? நான்கு மாதம் கழித்து ஒரு தேதி. ஆறு வயதுப் பிள்ளைக்கு நான்கு மாதம் என்றால் எவ்வளவு காலம் என்று நினைத்துப் பாருங்கள். நாட்களைக் கூட்டுங்கள், தமிழிலும் ஸ்பானிஷிலும் அரபியிலும் எழுதிக் கொடுங்கள், அறையை விட்டு வெளியேறும் முன் வாயால் சொல்லுங்கள். அதற்குப் போராட நானும் வருகிறேன்.

மாவட்டப்பாதை

மிச்சிகனில் குடும்ப வழக்குகள் பார்க்கும் அலுவலகத்தில் பாராலீகலாக, அதாவது வக்கீலுக்கு உதவியாளராக இருக்கிறேன். விவாதம் நடக்கட்டும், கேன்டன் அக்காவின் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அக்கா, உங்களுடையது சிறார் வழக்கு அல்ல, விவாகரத்துக்குப் பிந்தைய குடும்ப வழக்கு. எனவே ஏழு நாள் இல்லை, 21 நாள். ஆனால் எண்ணுவது உறை உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல, அவர்கள் தபாலில் போட்ட தேதியிலிருந்து. உறையின் முத்திரையையும் கடைசித் தாளில் இருக்கும் சான்றையும் இப்போதே பாருங்கள்.

ஆட்சேபம் போட்டால் நீதிபதி புதிதாக விசாரிக்க வேண்டும். ரெஃபரி விசாரணையின் பதிவை அவர் பயன்படுத்தலாம், ஆனால் நேரடிச் சாட்சியம் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ரெஃபரியிடம் சொல்ல வாய்ப்பிருந்தும் சொல்லாத புதுச் சான்றைத் தடுக்க நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் கடிதத்தை நீட்டினீர்கள், வாங்கவில்லை. அதை ஆட்சேபத்தில் தெளிவாக எழுதுங்கள். சும்மா இழுத்தடிக்கப் போடும் ஆட்சேபம் என்று நீதிபதி நினைத்தால் எதிர்த் தரப்பின் வக்கீல் செலவை உங்கள் தலையில் கட்டலாம். அதனால் கண்டதையெல்லாம் சேர்க்காதீர்கள்.

இப்போது மதுரை. இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்தப் பகுதியில் ரெஃபரி தவறு செய்யவில்லை. குழந்தைக் கடத்தல் தொடர்பான 1980 ஹேக் உடன்படிக்கையில் சேராத நாட்டில் பெற்றோர் பிள்ளையோடு தங்களுக்குரிய நேரத்தைக் கழிக்கக் கூடாது என்ற தடை உத்தரவிலேயே இருக்க வேண்டும் என்கிறது மிச்சிகன் சட்டம். இந்தியா அதில் சேரவில்லை. ஒரே விலக்கு, பெற்றோர் இருவரும் நீதிமன்றத்துக்கு எழுத்தில் சம்மதம் கொடுப்பது. எந்த நீதிபதியிடம் போனாலும் இதே பதில்தான் வரும். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு டிக்கெட் வாங்கிய பிறகுதான் இது தெரிய வருகிறது.

ஈரக்காற்று

மதுரை பற்றி எனக்கும் இது தெரியாது. அங்கே ரெஃபரியைக் குறை சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வியாழன் இரவு? ஒரு கடிதத்தை வாங்கிப் படிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா? அவசரம்தான் இந்த அறைகளின் நோய். 1984இல் ஜீவனாம்ச வழக்குகளை விரைவாக முடிக்க வழி செய்யுங்கள் என்று மத்திய சட்டம் மாநிலங்களை நெருக்கியது. வேகத்தை அளக்க அளவுகோல் கொடுத்தார்கள், பொறுமையை அளக்க ஒன்றும் இல்லை.

மூன்றாம்நதி

அந்தக் கடிதத்தை வாங்காதது தவறு, எந்த ரெஃபரி செய்தாலும் தவறு. அதை நியாயப்படுத்த மாட்டேன். அக்கா, போடுங்கள் ஆட்சேபம்.

கேன்டன்_அம்மா

எல்லோருக்கும் நன்றி. சான்றில் பார்த்தேன், உறை வருவதற்கு நான்கு நாள் முன்பே தபாலில் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து எண்ணினால் இன்று பதின்மூன்றாம் நாள். காலையில் போய் ஆட்சேபத்தைத் தாக்கல் செய்துவிட்டேன், வியாழன் இரவைப் பற்றி மட்டும். மதுரை மனுவை விட்டுவிட்டேன்.

மகளின் அப்பாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். தாத்தாவுக்கு எண்பது, பேத்தியைப் பார்க்க ஆசைப்படுகிறார், ஆறு வாரம் வேண்டாம், மூன்று வாரம் போதும், திரும்பி வரும் டிக்கெட்டையும் பாஸ்போர்ட் நகலையும் முன்பே கொடுக்கிறேன் என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இரண்டு வருடத்தில் அவர் இப்படிப் பதில் எழுதியது இதுதான் முதல் முறை.

மாவட்டப்பாதை, நீதிபதி முன் போகும்போது அந்தக் கடிதம் போதுமா?

மாவட்டப்பாதை

போதாது அக்கா. எழுதியவர் வராத கடிதத்தைச் செவிவழிச் செய்தி என்று எதிர்த் தரப்பு தள்ளச் சொல்லலாம். மேனேஜரையே அன்று வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஜூம் வழியாகச் சாட்சி சொல்ல நீதிமன்றத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ஷிப்ட் மாறிய தேதியிலிருந்து இன்றுவரை உள்ள டூட்டி பட்டியலையும் மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள்: நீதிபதிக்கு ஒன்று, அவர் தரப்புக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று.