சர்க்கரை மாத்திரை எடுக்கிற அம்மாவுக்கு மூணு நாள் டீடாக்ஸ் சரி வருமா?

வணக்கம் தோழிகளே. அம்மாவுக்கு 62 வயசு. தீபாவளிப் பலகாரம், அடுத்தடுத்து கல்யாண விருந்துன்னு சாப்பிட்டு வயிறு மந்தமா இருக்காம். மூணு நாள் டீடாக்ஸ் இருந்தே தீருவேன்னு நிக்கிறாங்க. வாட்ஸ்அப்பில் வந்த பட்டியல்படி காலையில் வெண்பூசணிச் சாறு, மதியம் வெறும் பழம், ராத்திரி வெள்ளரிக்காய் ஜூஸ். சோறு, பருப்பு எதுவும் கிடையாது.

எனக்குக் கவலை என்னன்னா, அம்மா கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கிறாங்க. அதைப் போட்டுட்டு சாப்பாட்டைக் குறைச்சா சர்க்கரை சட்டுனு இறங்கிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கம் வரைக்கும் போகலாம். கழிவை வெளியேத்துற வேலையைக் கல்லீரலும் கிட்னியும் தினமும் பார்த்துக்கிட்டுதான் இருக்குன்னு எவ்வளவோ சொல்லிட்டேன், காதுல வாங்கல. டாக்டரைக் கேக்காம ஆரம்பிக்க விடமாட்டேன்; அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு.

உங்க வீட்டுல மாத்திரை எடுக்கிறவங்க இப்படி இருந்திருந்தா, மாத்திரை அளவு பத்தி டாக்டர் என்ன சொன்னாங்க? ஜூஸுக்குப் பதிலா வாழைத்தண்டுப் பொரியல், பாசிப்பருப்பு போட்ட புடலங்காய்க் கூட்டு, நீர்மோர்னு வேளை தவறாம கொடுக்கலாம்னு நினைக்கிறேன். ராத்திரிக்குத்தான் ஒண்ணும் தோணல. எண்ணெய் குறைவா, அம்மா முகம் சுளிக்காம சாப்பிடற மாதிரி ஏதாவது இருந்தா செய்முறையோட சொல்லுங்கப்பா.