புதுப்பிப்பு: முள் குத்திய விரல்

ரோஜா முள் குத்திய நடுவிரல் வீங்குகிறது, பொறுத்துப் பார்க்கலாமா என்று நான்கு நாள் முன்பு கேட்டிருந்தேன். பொறுத்திருக்கக் கூடாது. அன்று இரவே விரல் முழுக்க ஒரே சீராகப் பருத்து, லேசாக மடங்கியபடி நின்றுவிட்டது. அவசரப் பிரிவில் மருத்துவர் விரல் நுனியைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினார், உயிரே போய்விட்டது. அப்புறம் உள்ளங்கைப் பக்கம் விரலை மடக்கும் தசைநாணைச் சுற்றியிருக்கும் உறை ஓடும் வழியிலேயே அழுத்திக்கொண்டு வந்தார், அங்கும் வலி. இந்த நான்கும்தான் அந்த உறைக்குள் கிருமித்தொற்று இருப்பதைக் காட்டும் கனாவெல் அறிகுறிகளாம். நான்கும் சேர்ந்தே வரவேண்டும் என்றில்லை. ஆரம்பத்தில் நிமிர்த்தும்போது வலிப்பது மட்டும்கூட இருக்கலாம். (எனக்குக் காய்ச்சல் இல்லை, அதை நம்பித்தான் ஏமாந்தேன்.) அன்றே உறையைத் திறந்து சீழைக் கழுவிவிட்டார்கள். ஆன்டிபயாடிக் ஊசி தொடர்கிறது. விரலை மடக்கிப் பழகச் சொல்கிறார்கள். இப்போதைக்குப் பாதிதான் மடங்குகிறது.