அந்தமான் போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

பொங்கல் விடுமுறையை ஒட்டி அம்மா, அப்பா, பையனோடு அந்தமான் போகலாம் என்று இருக்கிறோம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) விமான டிக்கெட் போட்டாச்சு, மற்றபடி எதுவும் முடிவாகவில்லை.

அப்பாவுக்கு செல்லுலார் சிறைதான் முக்கியம். 1906இல் கட்டி முடித்த ஏழு சிறகுகளில் இப்போது மூன்றுதான் மிச்சம் என்று இப்போதே வீட்டில் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார். மாலை ஒலி ஒளிக் காட்சிக்கு முன்பதிவு செய்தே ஆகணுமா, நேரில் போனால் கிடைக்குமா? ராஸ் தீவில் ஆலமர வேர்கள் சுற்றிப் பிடித்த பழைய ஆங்கிலேயர் கட்டடங்களையும் மான்களையும் பார்க்க எனக்கு ஆசை. ஆனால் அம்மாவுக்கு முட்டி வலி, படகில் ஏறி இறங்குவது எப்படி இருக்கும்?

பெரிய குழப்பம் பாராடாங் தீவு. விடிவதற்கு முன்பே கிளம்பி, ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதி வழியாக கான்வாயில் (வண்டிகள் எல்லாம் ஒரே வரிசையாக) நிற்காமல் போய், அப்புறம் சதுப்பு மரங்களுக்கு நடுவே படகில் போய், அதற்கும் மேல் நடந்து சுண்ணாம்புக் குகை. வயதானவர்களை இவ்வளவு அலைக்கழிக்கலாமா? அதைவிட, அந்த மக்கள் வாழும் காட்டைச் சுற்றுலாப் பாதையாக்குவதே எனக்கு உறுத்துகிறது. அதை விட்டுவிட்டு ஹேவ்லாக் தீவில் கூடுதலாக ஒரு இரவு தங்கி ராதாநகர் கடற்கரையில் நிம்மதியாக உட்காரலாம் என்று தோன்றுகிறது. அங்கே ஜனவரியில் அஞ்சரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுமாமே, அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

ஹேவ்லாக் போக அரசுக் கப்பலா தனியார் கப்பலா? பையனுக்குப் பேருந்திலேயே வாந்தி வரும்.