ஒரே மாதத்தில் கிட்டார் பேட்டரி காலி. ப்ரீஆம்பில் கோளாறா?

ஆறுகம்பி:
போன மாதம்தான் என் செமி அகூஸ்டிக் கிட்டாருக்குப் புது 9 வோல்ட் பேட்டரி போட்டேன். நேற்று ஆம்பில் வாசிக்கும்போது சத்தம் மெலிந்துவிட்டது, அழுத்தி அடித்தால் கரகரவென்று உடைகிறது. கேபிளை மாற்றிப் பார்த்தும் அதே கதைதான். பேட்டரியைக் கழற்றி மீட்டரில் வைத்தால் 6.8 காட்டுகிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம்கூட நான் வாசிப்பதில்லை. உள்ளே ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் சர்க்யூட்டில் ஏதாவது ஷார்ட் ஆகியிருக்குமா?

மெட்டுக்காரன்:
6.8 என்றால் உயிர் போன மாதிரிதான். புது அல்கலைன் 9.5 பக்கம் காட்டும். 'ஹெவி டியூட்டி' என்று போட்டிருப்பதை வாங்காதீர்கள், பெயரில்தான் பலம். அல்கலைனே போடுங்கள்.

பழைய ஃப்ரெட்:
ஷார்ட் எல்லாம் இருக்காது. வாசித்து முடித்ததும் கேபிளைக் கிட்டாரிலிருந்து பிடுங்குகிறீர்களா, இல்லை ஆம்பை மட்டும் அணைக்கிறீர்களா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான ப்ரீஆம்புகளுக்குத் தனி சுவிட்சே கிடையாது, கேபிள் செருகும் ஜாக்தான் சுவிட்ச். அது மூன்று தொடர்புள்ள ஸ்டீரியோ ஜாக். பேட்டரியின் மைனஸ் அதன் நடுத் தொடர்பில் சும்மா நிற்கும். சாதாரண மோனோ பிளக்கைச் செருகியதும் அந்தத் தொடர்பு எர்த்தோடு சேர்ந்துவிடும், ப்ரீஆம்ப் விழித்துக்கொள்ளும். வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கினாலும் தூங்காது. 9 வோல்ட் அல்கலைனில் இருப்பது சுமார் 500 மில்லிஆம்பியர் மணி. ப்ரீஆம்ப் 1 மில்லிஆம்பியர் இழுத்தால்கூட மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும்.

நானும் இப்படித்தான் ஒரு வருடம் பேட்டரி கம்பெனிகளை மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ராத்திரி என் தம்பி கேட்டான், "அண்ணா, ஸ்டாண்டில் இருக்கிற கிட்டாரில் ஏன் சிவப்பு விளக்கு எரியுது?" பேட்டரி குறைந்ததைச் சொல்லும் விளக்கு அது. கேபிள் ஜாக்கிலேயே இருந்தது.

மாற்றும்போது முதலில் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியில் சின்ன வட்டக் குமிழ் பிளஸ், வாய் விரிந்த பெரியது மைனஸ். தலைகீழாக ஒரு நொடி தொட்டாலே சில ப்ரீஆம்புகள் போய்விடும், அதனால் இருட்டில் தடவிப் போடாதீர்கள். ஒயரோடு வரும் கிளிப் என்றால் ஒயரைப் பிடித்து இழுக்காமல் கிளிப்பை நெம்பி எடுங்கள்.

ஆறுகம்பி:
மானம் போச்சு. ஒரு மாதமாகக் கேபிள் ஜாக்கில்தான் இருந்தது. இப்போது பிடுங்கிவிட்டேன். பேட்டரி அறைக்குள் ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறதே, அதை என்ன செய்வது?

பழைய ஃப்ரெட்:
எப்போதோ ஒரு பேட்டரி கசிந்திருக்கிறது. அல்கலைன் கசிவு காரம், வினிகரில் லேசாக நனைத்த காது குடையும் பஞ்சால் துடைத்தால் போய்விடும். ஸ்பிரிங்கை மட்டும் துடையுங்கள், வினிகர் சர்க்யூட்டுக்குள் சொட்டக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு புது பேட்டரியைப் போடுங்கள்.

மெட்டுக்காரன்:
என்னுடையதில் பேட்டரி சவுண்ட்ஹோலுக்குள் ஒரு பையில் ஒட்டியிருக்கிறது. கம்பிகளைத் தளர்த்திவிட்டுத்தான் கையை விட வேண்டும். அந்தப் பிளஸ் மைனஸைக் கண்ணால் பார்ப்பது எப்படி என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய ஃப்ரெட்:
கிளிப்பின் ஒயர் நீளமாகத்தான் இருக்கும். பேட்டரியோடு வெளியே எடுத்து மாட்டிவிட்டு, பிறகு பையில் தள்ளுங்கள்.